அப்பாவின் ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும்?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“என் அப்பாவுக்கு 64 வயது. தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் மெஷின் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகப் பார்கின்சன் என்கிற நடுக்க நோய். மாத்திரை வேலை செய்கிற நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பாதி நாள் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் முன்பு மூளைக்குள் எலெக்ட்ரோடு வைத்து, மார்பில் பதித்த கருவியால் மின்தூண்டல் கொடுக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் செய்தோம். கருவியை ஆன் செய்த அன்று அவரே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். வீடே அழுதது. மூன்றாவது மாதத்திலிருந்து ஆள் மாறிவிட்டார். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு மிக்சியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்களைக் கேட்காமல் பிக்சட் டெபாசிட்டை உடைத்து, 1,80,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேத் வாங்கி, பீன்யா தொழிற்பேட்டையில் நண்பர் ஷெட்டில் போட்டிருக்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளுக்குக் கிணற்றில் குதித்துக் காட்டப்போகிறாராம். அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர், இப்போது எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசுகிறார். ‘இது உங்கப்பா இல்ல, அந்த மெஷின் பேசுது’ என்கிறார் அம்மா. அப்பாவோ, ‘பன்னிரண்டு வருஷம் நடுங்கிக்கிட்டுக் கிடந்தவன்தான் நான் இல்ல. இப்பத்தான் நான் நானா இருக்கேன். இதைக் குறைக்கச் சொன்னா வீட்டை விட்டே போயிடுவேன்’ என்கிறார். கருவியின் ரிமோட் என் அலமாரியில் இருக்கிறது. அப்பா தூங்கும்போது கொஞ்சம் குறைத்து வைத்துவிடு, அவருக்குத் தெரியவா போகிறது என்று துபாயில் இருக்கும் அண்ணன் சொல்கிறார். அம்மாவும் அதையேதான் சொல்கிறார். செய்யலாமா? செய்தால் பாவமா? செய்யாவிட்டால் அம்மாவுக்குத் துரோகமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ரிமோட் விஷயம். செய்யாதீர்கள். நியாய தர்மத்தை அப்புறம் பேசலாம். அதற்கு முன்னால் இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காரியம்.

தூங்கும்போது மின்தூண்டலைக் குறைத்தால் அந்த நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. விடிகாலையில் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். எட்டு மாதமாக எழுந்து நடந்த பழக்கத்தில் காலை எடுத்து வைப்பார், கால் வராது. அறுபது தாண்டியவர் குளியலறை வாசலில் விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தூண்டல் திடீரென்று வெகுவாகக் குறைந்தாலோ நின்றாலோ, உடல் மொத்தமும் இறுகி, விழுங்க முடியாமல், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்த நோயாளிகள் உண்டு. மனநிலை ஒரேயடியாகக் கீழே சரியவும் வாய்ப்பு உண்டு. இந்த அறுவைக்குப் பிந்தைய முதல் வருடத்தில் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பது மருத்துவ உலகம் பதிவு செய்திருக்கிற உண்மை. உங்கள் அப்பா அந்த முதல் வருடத்துக்குள்தான் இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன், அண்ணனிடம் சொல்லுங்கள். குறைத்தாலும் அவர் எதிர்பார்க்கிறது நடக்காமல் போகலாம். உங்கள் அப்பாவுக்கு எலெக்ட்ரோடு வைத்திருப்பது பெரும்பாலும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்கிற இடத்தில். மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, காபிக் கொட்டை அளவு. அதன் பின்பக்க மேல்பகுதி உடல் அசைவோடு தொடர்புள்ளது. முன்பக்கக் கீழ்ப்பகுதி மனநிலையோடும் உந்துதலோடும் தொடர்புள்ளது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். எலெக்ட்ரோடு என்கிற கம்பியின் முனையில் மின்சாரம் வெளிவரும் புள்ளிகள் நான்கோ அதற்கு மேலோ இருக்கும். கீழ்ப்புள்ளி வழியாக மின்சாரம் போனால் அது மனநிலைப் பகுதிக்குள் கசிந்து, தூக்கம் குறைந்து, பேச்சு பெருகி, பணம் கரைகிற இந்த நிலை வரலாம். மேலே உள்ள புள்ளிக்கு மாற்றினால் பல பேருக்கு நடுக்கம் திரும்பாமலேயே மனம் அடங்குகிறது. ஆக, எவ்வளவு மின்சாரம் என்பதை விட எந்த இடத்தில் என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. வீட்டு ரிமோட்டால் டாக்டர் விட்டுவைத்திருக்கிற எல்லைக்குள் கூட்டலாம், குறைக்கலாம். சரியான புள்ளியைத் தேடிப் பிடிப்பது மருத்துவமனையில் புரோகிராம் செய்கிறவரின் வேலை. நீங்கள் ராத்திரியில் குறைத்தால் நடுக்கம் திரும்பி வந்து, கோபமும் அப்படியே இருக்கலாம்.

மாத்திரையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சிண்டோபா போன்ற பார்கின்சன் மாத்திரைகளைப் பாதி அளவு வரைக்கும் குறைப்பது வழக்கம். உங்கள் வீட்டில் குறைத்தார்களா? பிராமிபெக்ஸால், ரோபினிரோல் என்று ஏதாவது இருக்கிறதா? இந்த வகை மாத்திரைகள் டிபிஎஸ் இல்லாமலே ஆட்களைச் சூதாட்டத்திலும் கண்மண் தெரியாத செலவிலும் இறக்கிவிட்டிருக்கின்றன. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ரம்மியில் சம்பளத்தை விட்டவரை நான் பார்த்திருக்கிறேன். ‘வயசான காலத்துல இப்படி ஒரு புத்தி’ என்று ஊரே ஏசியது. டாக்டர் மாத்திரையை மாற்றிய சில வாரங்களில் அந்தப் புத்தி போய்விட்டது. இதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அது தனி வேதனை.

எனவே இந்த வாரமே ஆபரேஷன் செய்த இடத்தில் புரோகிராமிங் பார்க்கிறவரைக் கூப்பிட்டு, எழுதியதை எல்லாம் சொல்லுங்கள். மிக்சி, மூன்று மணி நேரத் தூக்கம், டெபாசிட், தேதியோடு. அப்பாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசுவது சரியா என்று உங்களுக்குத் தோன்றும். வீட்டில் கண்ணால் பார்த்ததைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய சிகிச்சை விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் டாக்டர் உங்களிடம் சொல்லத் தயங்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க எந்தத் தடையும் இல்லை. பேசிய பிறகு, பேசினேன் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்தால் ரிமோட்டைத் திருடியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எப்படிச் சொல்வது? அவர் டர்னர். டூல் ஒரு நூலளவு தள்ளி உட்கார்ந்தால் ஜாப் கெட்டுப்போகும் என்பது அவருக்கு நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அதற்காக யாரும் லேத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, டூலைத் திருப்பி செட் செய்கிறார்கள். ‘அப்பா, உங்க கையை மறுபடி நடுங்க வைக்க யாரும் போகல. செட்டிங் ஒரு நூல் தள்ளியிருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லலாம். பக்கத்துல நீங்களே உக்காந்து பாருங்க’ என்று சொல்லிப் பாருங்கள். குறைக்கப் போகிறார்கள் என்ற பயத்தில்தான் அவர் வீட்டை விட்டுப் போவேன் என்கிறார். பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தவர் முன்னால் சாவியை ஆட்டினால் எவரும் அப்படித்தான் பேசுவார்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். செட்டிங் மாற்றியும் சரியாகவில்லை என்றால்? நடுக்கம் நிற்க வேண்டுமானால் இந்தக் குணமும் கூடவே வரும் என்றால் யார் முடிவு செய்வது?

நெதர்லாந்தில் அப்படியே நடந்தது. 2004-ல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். பார்கின்சன் நோயாளி ஒருவருக்கு டிபிஎஸ் வைத்த பிறகு கட்டுக்கடங்காத மிகைமனநிலை வந்துவிட்டது. மருந்துக்கு அடங்கவில்லை. தூண்டலைக் குறைத்தால் மனம் தெளிந்தது, ஆனால் உடல் படுக்கையோடு கிடந்தது. கூட்டினால் நடந்தார், மனம் கைவிட்டுப் போனது. நடுவில் ஓர் இடம் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்றால், தூண்டலை நிறுத்தி, அவர் தெளிவாக இருக்கிற நேரத்தில் அவரிடமே கேட்டார்கள். அவர் தூண்டல் வேண்டும் என்றார், அதற்காக மனநல விடுதியில் சேர்ந்து இருக்கவும் சம்மதித்தார். அப்படியே செய்தார்கள்.

என் துறையில் இந்தக் கதையைப் பலர் மெச்சிச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. தூண்டல் நின்று, உடல் இறுகி, படுக்கையில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடக்கிற மனிதர் சொல்வதுதான் சுதந்திரமான பதிலா? வலியில் இருப்பவர் வலி போக எதையும் தருவார். கருவி ஓடும்போது சொல்வது மெஷின் பேச்சு என்றால், ஓடாதபோது சொல்வது நோயின் பேச்சு என்றும் சொல்லலாமே. ஆகவே நான் இரண்டு நிலையிலும் கேட்பேன், ஒரு தடவைக்கு மேல் கேட்பேன். இரண்டிலும் ஒரே பதில் வந்தால் அதற்கு மேல் பேச எனக்கோ உங்கள் அண்ணனுக்கோ இடமில்லை. பதில் மாறினால், எது மாறியது என்று உட்கார்ந்து பேச வேண்டும். எது ‘நிஜ அப்பா’ என்று அம்மாவோடு வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வாதத்துக்கு முடிவே இல்லை. இருபது வருடம் முன்பு லேத்தில் நின்றவரும், போன வருடம் நாற்காலியில் உறைந்திருந்தவரும், இப்போது மிக்சியைக் கழற்றுகிறவரும் ஒருவர்தான்.

வீட்டாரே முடிவு செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மூளையில் கை வைக்கிற சிகிச்சைக்கு அந்தப் பழக்கத்தில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. போர்ச்சுகலில் ஈகாஸ் மோனிஸ் 1935-ல் முன்மூளை நரம்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார், 1949-ல் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்காவில் கென்னடி குடும்பத்தின் மூத்த மகள் ரோஸ்மேரி அடங்கமாட்டேன் என்கிறார் என்று 1941-ல் அவருடைய அப்பா அதைச் செய்ய வைத்தார், தாய்க்குக்கூட முன்னால் சொல்லாமல். அந்த 23 வயதுப் பெண் நடையும் பேச்சும் இழந்து, வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பில் இருந்து 2005-ல் இறந்தார். நம் ஊரும் விலக்கில்லை. இன்று பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல நிறுவனம் இருக்கிற இடத்தில் அன்றைக்கு இருந்த மனநல மருத்துவமனையின் கோவிந்தசாமியும் அறுவை நிபுணர் பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்கு இதே அறுவையைச் செய்து, 1944-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சென்னையில் 1960களில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர் அடங்காத பிள்ளைகளுக்கும் முரட்டு நோயாளிகளுக்கும் மூளையின் ஆழத்தில் சிறு புண் உண்டாக்கி அமைதிப்படுத்தும் அறுவைகளைச் செய்தார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை, பெரிய மருத்துவர்கள். மனநோய்க்கு உருப்படியான மாத்திரை வந்ததே 1950களில்தான், அதன் பிறகும் கைவிடப்பட்டவர்களுக்கு வேறு வழி தேடினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். அறுவை பலித்ததா என்பதற்கு அளவுகோல், வார்டும் வீடும் அமைதியாயிற்றா என்பது. நோயாளி என்ன நினைத்தார் என்பதை அதிகம் காணோம்.

டிபிஎஸ் அதைவிட நல்லது, எதையும் வெட்டுவதில்லை, திருப்பிக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் கத்தியை யாரும் அலமாரியில் வைத்து, ராத்திரி எடுத்துக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி வைக்க முடியாது. இதில் அது முடிகிறது.

அதற்காக உங்கள் அம்மா சொல்வதை நான் தள்ளவில்லை. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது என்னைப் போன்றவர்கள். நான் அறுவைக்கு முன்னால் நோயாளிகளைச் சோதிக்கிற உளவியலாளர். நினைவாற்றல், கவனம், மனச்சோர்வு என்று நோயாளியோடு மணிக்கணக்கில் உட்காருவேன். நோயாளியின் மனைவியோடு பல வருடம் பத்து நிமிடம்தான் பேசியிருக்கிறேன், அதுவும் கூட வந்தவர் என்ற முறையில். 2006-ல் பாரிஸ் மருத்துவர்கள் இந்த அறுவை செய்துகொண்ட 29 பேரைப் பற்றி எழுதியது என் பழக்கத்தை மாற்றியது. உடல் நன்றாகத் தேறியிருந்தது. வேலை, திருமணம், மனம் என்று பார்த்தால் பலருக்குத் தடுமாற்றம். வருடக்கணக்கில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தாதியாகவும் வாழ்ந்த வீட்டில் திடீரென்று நோயாளி எழுந்து நடந்தால், தாதிக்கு வேலை போய்விடுகிறது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு இழப்பு. நோயாளிக் கணவரும் இல்லை, பழைய கணவரும் திரும்பவில்லை.

அம்மாவிடம் ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது தமிழில் உட்கார்ந்து விளக்கினார்களா? நம் ஊரில் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், வார்டில் கன்னடத்தில் சொல்வார்கள். அல்சூர் சந்தையில் கீரை வாங்குகிற கன்னடத்தை வைத்துக்கொண்டு ‘மனநிலை மாற்றம் வரலாம்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்த முறை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவருக்குத் தனியாக அரைமணி நேரம் வேண்டும், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசுவதை அம்மா பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சில வாரம் உங்கள் சித்தி வீட்டிலோ எங்கோ இருந்துவிட்டு வர நினைத்தால் அனுப்பிவையுங்கள். அது கணவரைக் கைவிடுவது ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அண்ணன் கேட்பார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒருவர் தன் மனநலச் சிகிச்சை பற்றி எடுக்கிற முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. தகவலைப் புரிந்துகொள்கிறாரா, விளைவை எடைபோடுகிறாரா, தன் முடிவைச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதே சட்டம் இன்னொரு நல்ல வழியும் தருகிறது. செட்டிங் சரியாகி அவர் நிதானமாக இருக்கும்போது, மறுபடி தூக்கம் போய்ப் பணம் கரைய ஆரம்பித்தால் தனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, தன் சார்பில் யார் பேசலாம் என்று அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். அப்போது நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டால் அது அவர் சொல்லிவைத்ததைச் செய்வதாக இருக்கும். ஆனால் அடிக்கக் கை ஓங்கினாலோ, இரண்டு மூன்று ராத்திரி முழுக்கத் தூங்காவிட்டாலோ, உயிரை விட்டுவிடுவேன் என்கிற மாதிரி பேசினாலோ இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

பணம்: மிச்சமிருக்கிற டெபாசிட்டை இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் எடுக்க முடியும் என்று மாற்றிக்கொள்ள அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். காரணத்தை மறைக்காமல் கேளுங்கள்.

லேத் வாங்கியதை நான் உடனே நோய்க் கணக்கில் எழுதமாட்டேன். எனக்குப் பயம் தருவது மூன்று மணி நேரத் தூக்கமும் கேட்காமல் உடைத்த டெபாசிட்டும்தான். வாழ்நாள் முழுக்க லேத்தில் நின்ற மனிதருக்குக் கை திரும்பக் கிடைத்தால் வேறு எதை வாங்குவார்? செட்டிங் மாற்றி, மாத்திரை சரிசெய்து, நன்றாகத் தூங்க ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்தும் பீன்யாவுக்குப் போக வேண்டும் என்றால் போகட்டும். ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: அந்த ஷெட்டில் வெல்டிங் நடக்கிறதா? ஆர்க் வெல்டிங் மெஷினின் மின்காந்தப் புலம் மார்பில் இருக்கிற கருவியைப் பாதிக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அதே மாதிரி முழங்கால் வலிக்கு பிசியோதெரபியில் டயதெர்மி என்று சூடு கொடுப்பார்கள், அது கூடவே கூடாது. அந்த ஆற்றல் எலெக்ட்ரோடு வழியாகப் போய் மூளையைச் சுட்டுவிடலாம்.

அப்புறம் அந்தக் கிணறு. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கடிதத்திலேயே அதிகம் திக்கென்றது அந்த வரிதான். 2019-ல் சூரிச் மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். டிபிஎஸ் வைத்த பிறகு நடை சரியாயிற்று, நீச்சல் மட்டும் போய்விட்டது. அதில் ஒருவர் தண்ணீரில் குதித்து, யாரோ இழுத்துப் போட்டதால் பிழைத்தார். கரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, தண்ணீருக்குள் போன பிறகுதான் கையும் காலும் ஒத்துவராதது தெரியும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஆகுமா என்று கிணற்றில் சோதித்துப் பார்க்க முடியாது. செட்டிங், சட்டம், லேத் எல்லாவற்றையும் அடுத்த வாரம் பேசுங்கள். இதை இன்று ராத்திரியே சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் காதிலும் போடுங்கள். தீபாவளிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியில் குளிக்கட்டும்.